தலைக்கு மேல் பன்னிரண்டு விளக்கு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு மலைப்பக்கம் போய்விட்டது.

ஹால் சீலிங்கில் நான்காவது பல்பும் போச்சு. பன்னிரண்டில் மிச்சம் எட்டு. எல்லாம் பழைய ஹாலோஜன், சீலிங்கில் குழி வெட்டி உள்ளே பதித்தவை. வீடு கட்டும்போது என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டுப் போட்டது. இப்போது அதற்கு அடியிலேயே படுத்திருக்கிறார். பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது கையும் காலும் அசையாது. பேச்சில் "இல்ல" ஒன்றுதான் மிச்சம். தண்ணீர் வேண்டும் என்றாலும் "இல்ல", வேண்டாம் என்றாலும் "இல்ல".

முன்னால் தையல் சாமான் கடை, பின்னால் வீடு. ஹாலுக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்கு வேண்டும். எரிகிற எட்டும் அடுப்பு மாதிரி. அவர் நெற்றியைத் துடைத்துத் துடைத்து என் முந்தானை முழுக்க உப்பு.

எலக்ட்ரீஷியன் குமாருக்குப் போன். "எல்லாத்தையும் எல்.இ.டி.யா மாத்திடலாங்க்கா. சூடு கம்மி. நம்ம பாய்க்கு நல்லா இருக்கும்." நாளைக்கு வருகிறாராம்.

கடையில் லைனிங் துணி தீர்ந்துவிட்டது. ஜிப்பும் வெள்ளை நூலும் வாங்க வேண்டும். யார் போவது.

ஜூலை 9, புதன்

குமார் ஏணியோடு பத்து மணிக்கு. அவர் மேல் தூள் விழாமல் பழைய புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் விட்டுப்போச்சு.

பழைய பல்பைக் கழற்றி எல்.இ.டி.யைச் சொருகுவதுதான் வேலை. சீலிங்குக்கு மேலே ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் டப்பா. "டப்பா நல்லாத்தான் கீது, அது அப்படியே இருக்கட்டுங்க்கா." சரி என்றேன்.

சுவிட்சைப் போட்டதும் ஹால் பளிச்சென்று. சூடே இல்லை. குமாருக்குப் பெருமை. "பாய், எப்டி கீது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் என்று நினைத்தோம்.

ஜூலை 10, வியாழன்

கண்ணைத் திறக்கவே இல்லை. கஞ்சி இரண்டு ஸ்பூன். மூன்றாவதை வாயிலிருந்து தள்ளிவிட்டார். பி.பி. 150/90. மாத்திரையைப் பொடி செய்து கொடுத்தேன்.

சின்னசேலத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார். நான் முகம் துடைக்கக் குனிந்தபோது இவர் இடது கையைத் தூக்கி முகத்துக்கு மேலே ஆட்டினார். "இல்ல, இல்ல."

"உன்ன போன்னு சொல்றாம்மா அவன்."

ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

"சாப்பாட்டையும் தள்றான், உன்னயும் தள்றான். மனசு விட்டுப்போச்சு. சொந்தக்காரங்களுக்கு ஒரு வார்த்த சொல்லி வெச்சிடலாம்."

"ரெண்டு நாள் போவட்டும்க்கா."

"உன் இஷ்டம். அப்றம் சொல்லலன்னு பேசுவாங்க."

கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பட்டன் கேட்டு வந்த பெண்ணுக்கு ஊக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவர். மூன்று மாதமாக மலம், மூத்திரம் எல்லாம் நான்தான். போ என்கிறார். கோபம்கூட வரவில்லை. அலுப்புதான்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்மா நாள், குளியல். பிசியோ செல்வியும் அக்காவும் அவரைத் தூக்கிப் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் விரிப்பு மாற்ற உள்ளே வந்தேன். மாற்றி முடித்ததும் முதுகு நிமிரவில்லை. ஒரே நிமிஷம் என்று அவர் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டேன்.

நேர் மேலே இரண்டு விளக்கு. நிற்கும்போது தெரிந்ததே இல்லை. துடிக்கின்றன. நிற்காமல், வேகவேகமாக, ஈ சிறகடிப்பது மாதிரி. கண்ணை மூடினால் இமைக்குள்ளேயும் துடிப்பு. கொஞ்ச நேரத்தில் நெற்றிப் பொட்டு தெறித்தது, வயிற்றைப் புரட்டியது. மறைக்கக் கையைத் தூக்கினேன். இடது கை.

அப்படியே எழுந்து உட்கார்ந்தேன்.

என்னைப் போகச் சொல்லவில்லை.

சுவிட்சை அணைத்தேன். செல்போன் கேமராவில் காட்டலாம் என்று அக்காவைக் கூப்பிட்டு மறுபடி போட்டேன். திரையில் கோடு கோடாக ஓடியது.

"இன்னாம்மா இது, பேய் மாதிரி ஆடுது!"

"ரெண்டு நாளா இதத்தான் பாத்துக்கினு இருந்தாரு."

அக்கா வாயில் துணியை வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். நானும் அழுதிருக்கலாம். சோறு வடிக்க வேண்டியிருந்தது.

குமாருக்குப் போன். வெள்ளிமலையில் வேலையாம், சிக்னல் விட்டு விட்டு. "பழைய டப்பாக்கு இந்த லோடு பத்தல போலக்கா, அதான் துடிக்குது. டப்பாவ எடுத்துட்டு புதுசு வெக்கணும். நான்தான் பாக்காம வுட்டேன். திங்கக்கெழம வந்துடறேன்."

சமையலறை விளக்கின் வெளிச்சத்தில் ரசம் சாதம் ஊட்டினேன். ஹால் அரை இருட்டு. கண்ணைத் திறந்தார். ஒரு கிண்ணம் முழுக்க.

ஜூலை 12, சனி

மூன்று வேளையும் சாப்பிட்டார். அக்கா ஊருக்குக் கிளம்பும்போது அவர் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். என்னிடம், "நான் பேசனத மனசுல வெச்சிக்காத." வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை.

இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொண்டேன். சுண்டுவிரல் வீக்கம்.

ஜூலை 14, திங்கள்

மலையில் மழை, பஸ் லேட். குமார் மதியத்துக்கு மேல்தான் வந்தார். பன்னிரண்டு டப்பாவும் கீழே இறங்கின. அதற்குப் பதில் டிரைவர் என்கிற புது டப்பா, மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்பு.

சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் சொன்னேன். "குமாரு, நீயே படுத்துப் பாத்துடு."

"கட்டில்லயா? பாய் இருக்காரேக்கா."

"கீழ படு."

கட்டிலை ஒட்டித் தரையில் மல்லாந்தார். "ஆடல. ஆனா நேரா கண்ணுல குத்துது." அப்புறம் அவராகவே யோசித்து, கட்டிலுக்கு நேர் மேலே உள்ள இரண்டையும் தனி லைனாகப் பிரித்து, ஒயரில் தொங்கும் சுவிட்ச் ஒன்றை இடது கைப்பக்கம் கட்டிவிட்டார். "இது உங்க கன்ட்ரோல் பாய்."

இவர் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். அழுத்தவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

லைனிங் துணி வந்துவிட்டது. வெள்ளை நூல் வரவில்லை.

சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் ஏதோ மங்கியது மாதிரி. கரண்ட் போச்சு என்று நினைத்தேன். மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருந்தது. விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

போய்ப் பார்த்தேன். அவர் பார்வை தண்ணீர்ச் சொம்பின் மேல். கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு மறுபடி. தலையணை சரிந்திருந்தது. அப்புறம் கொசு. அப்புறம் போர்வை. கடைக்கும் ஹாலுக்கும் நடந்து கால் கடுப்பு.

நாலரைக்கு இன்னொரு தடவை. ஆளை நிற்கவைத்துவிட்டு உள்ளே ஓடினேன். தண்ணீர் இருக்கிறது. தலையணை நேராக இருக்கிறது.

"இன்னா வேணும்?"

"இல்ல."

"ஒன்னும் வேணாமா? சும்மாவா கூப்ட்டீங்க?"

"இல்ல." வாயின் இடது பக்கம் மட்டும் சிரிப்பு.

கடையில் ஆள் நிற்கிறது என்று திட்டினேன். திட்டிவிட்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.