மன்னர் தந்த வாள்

ரியாத்

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

விண்வெளியிலிருந்து போன வாரம் திரும்பிய மிஷாரிக்கு நேற்று மன்னர் வாள் பரிசளித்தார். மிஷாரிக்கு இன்னும் நின்றாலே தலைசுற்றும். அதனால் வாளேந்தி ஆடும் வழக்கம் இம்முறை வேண்டாமென்று மருத்துவராக நான் சொல்லியிருந்தேன். முரசு கேட்டதும் மனிதர் வாளோடு இறங்கிவிட்டார். எனக்குப் பாதி உயிர் போயிற்று.

"டாக்டரம்மா, தோளோட தோள் ஒட்டித்தானே ஆடுறோம்? அவனே விழணும்னாலும் விடமாட்டோம்!" என்று சிரித்தபடி அவருடைய அண்ணன், மிஷாரியின் பக்கத்தில் போய் நின்றார்.

கால் தடுமாறியபோதெல்லாம் வரிசையே அவரைத் தாங்கிக்கொண்டது. முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, "கீழ வந்ததுலேருந்து இப்பத்தான் தலை சுத்தல" என்றார். மருத்துவம் அதை ஒப்பாது. நான் தண்ணீரை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

அபஹாவிலிருந்து யாராவது வந்தால் நம் மலைத்தேன் கொடுத்தனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் சரி, நாலு நாள் என்னோடு இருக்கலாம். என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போகக் கார் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
நவால்