தாயில்லாப் பெண் என்று எழுதாத விண்ணப்பம்

என் ராசாத்தி தனலட்சுமிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதிலா வரப்போகிறது? நானே பேசுகிறேன், கேள். நம் கோமதிக்கு மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது!

என்ன வேலை தெரியுமா? ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்து, உள்ளே என்ன கோளாறு என்று டாக்டர்கள் கண்டுபிடிக்கிறார்களாம். அந்த மிஷினை ஓட்டவும், துடிப்பு தடுமாறினால் உடனே சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். பொன்னேரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த நம் பெண் அதற்கு விண்ணப்பம் போட்டாள். ஊரில் எல்லாரும் கும்மிடிப்பூண்டியில் வரப்போகும் கம்பெனிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இவளுக்கு அந்த மிஷின் இருக்கும் அறை மேல்தான் கண்.

விண்ணப்பம் என்றதும் உன் அருமை அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏரித் தண்ணீரோ, பட்டாவோ, தாலுகா ஆபீசுக்கு நம்மூர் மனு எல்லாம் அவர் கையால்தானே போகும்? "மேன்மை தங்கிய ஐயா அவர்கள் சமூகத்துக்கு" என்று ஆரம்பித்து, தாயை இதய நோய்க்குப் பறிகொடுத்த ஏழைப் பெண், கருணை காட்டவும் என்று முடித்திருந்தார்.

"இப்டிப் போட்டாத்தான் மாப்ள அவுங்க மனசு எளகும். இன்னா, நான் சொல்றது சரிதானே?"

நான் வாயைத் திறக்குமுன் கோமதி பொரிந்து தள்ளினாள். "இன்னா மாமா இது? நான் வேல கேக்குறனா, பிச்ச கேக்குறனா? எங்கம்மா செத்ததக் காட்டி எனக்கு ஒண்ணும் வாணாம்!"

அப்படியே உன் கோபம். அண்ணன் முகம் சுருங்கிப்போய், காபிகூடக் குடிக்காமல் எழுந்துபோனார்.

அப்புறம் அவளே உட்கார்ந்து எழுதினாள். அந்த வேலைக்கு எது தேவையோ அது முதலில். படிப்பு, பயிற்சி, தினமும் கையாளும் மிஷின்கள், இருட்டறையில் பிலிம் கழுவுவது, மிஷின் மக்கர் பண்ணினால் தன்னால் எதுவரை சரிசெய்ய முடியும் என்பது. தெரியாததைத் தெரியும் என்று ஒரு வரிகூடப் போடவில்லை. எனக்கோ கூச்சம். "இவ்ளோ சொல்லிக்கினா பீத்திக்கிற மாரி இருக்காதாம்மா?" என்றேன்.

"செஞ்சதத்தான சொல்றேன் நைனா? அடக்க ஒடுக்கமா இருக்க இது இன்னா பொண்ணு பாக்குற எடமா?"

பொன்னேரி டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷில் அடித்துவந்து, எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். ஒரு வரியை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். 'மூச்சுத் திணறுபவர்களைப் படுக்கவைக்காமல், உட்காரவைத்தே படம் எடுப்பேன்.' கடைசி மாதங்களில் நீ படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினாயே தனம், அப்போது உன் முதுகுக்குத் தலையணை வைத்தவள் இவள்தானே?

இன்டர்வியூவில் பெரிய டாக்டர் அதே வரியில் விரலை வைத்து, இது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். "எங்கம்மாவப் பாத்துக் கத்துக்கினேன் சார்" என்றாளாம். அவர் அதற்குமேல் அதைக் கிளறவில்லை. மிஷினைப் பற்றித்தான் துளைத்து எடுத்தாராம்.

ஆர்டர் வந்த அன்று கவரைப்பேட்டை ஸ்டேஷனில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் பூந்தி கொடுத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்? உன் அண்ணன் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, "அப்பவே சொன்னேன்ல?" என்கிறார்!

திங்கட்கிழமையிலிருந்து விடியற்கால ரயிலில் போகிறாள். அவளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பது இனி என் பொறுப்பு, சத்தியமாகச் சொல்கிறேன். அறுபத்தொன்பதாம் வருஷம் உனக்கு "வீக் ஹார்ட்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உள்ளே என்ன கெட்டுப்போயிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனி அந்த அறை வாசலில் எவனாவது ஒருவன் தன் பெண்டாட்டிக்காகக் காத்திருப்பான். அவனுக்குப் பதில் கிடைக்கும். அதைக் கண்டுபிடிப்பவர்களில் நம் மகளும் ஒருத்தி.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
கோமதியின் நைனா