மாமல்லபுரம் கலங்கரை விளக்கமும் என் தம்பியின் சாட்சியமும்

அனுப்புநர்:
வெ. ரங்கநாயகி,
கேப்டன் வெங்கடராகவனின் மனைவி,
செங்கல்பட்டு.

பெறுநர்:
விமான விபத்து விசாரணை அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: உத்தரவின்றி விமானத்தைத் தாழ இறக்கியதாகக் கூறி என் கணவரின் லைசென்ஸ் ரத்து செய்யப்பட்டது. விசாரணையை மீண்டும் திறந்து என்னையும் சாட்சியாக விசாரிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஐப்பசியில் கொழும்பிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்தை ஓட்டியவர் என் கணவர். அன்று கண்ட்ரோல் டவரிலிருந்து விமானங்களுக்கு உயரம் சொல்லிக்கொண்டிருந்த அதிகாரி ராஜாராம், என் கூடப் பிறந்த தம்பி. தங்கள் அறிக்கையில் இந்த உறவு ஓரிடத்திலும் காணப்படவில்லை. ஆகவே முதலில் இதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. தெற்கேயிருந்து கடலோரமாக வரும் விமானம் ஆறாயிரம் அடியில் வர வேண்டும். டவர் உத்தரவு கொடுத்த பிறகே நாலாயிரத்துக்கு இறங்க வேண்டும். இது விதி. நடப்பு வேறு. மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டதும் பைலட் ரேடியோவில் தெரிவிப்பார். டவர் தடுக்காவிட்டால் இறங்கத் தொடங்குவார். ரேடியோ இரைச்சலில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி மாளாது என்று இரு தரப்பாரும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

3. அன்றும் என் கணவர் தெரிவித்தார். டவர் தடுக்கவில்லை. இறங்கினார். ஆனால் அதே வழியில் ஐயாயிரம் அடியில் வேறொரு விமானத்தைத் தெற்கே அனுப்பியிருந்தான் ராஜாராம். அதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டான். இறங்கும் வழியில் குறுக்கிட்ட மேகத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே விமானம். என் கணவர் சட்டென்று மூக்கைக் கீழே அழுத்தித் தப்பினார். உயிர்ச் சேதமில்லை. பயணிகளில் மார்கரெட் என்ற நர்ஸ் அம்மாளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. என் கணவர் வீட்டுக்கு வருமுன் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

4. தங்கள் முன் ராஜாராம் சொன்னது: “நான் அனுமதி கொடுக்கவில்லை. அப்படி ஒரு வழக்கமும் கிடையாது.” ஐயா, முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது பொய். மற்ற பைலட்டுகளும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் லைசென்ஸ் இருக்கிறது.

5. பொய் என்று நான் சொல்லக் காரணம் உண்டு. இந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்தவரே என் கணவர். விசாரணை வரை எங்கள் வீட்டில்தான் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் நான் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தபோது, “அத்திம்பேர், லைட்ஹவுஸ் தெரியறதுன்னு சொல்லிட்டேள்னா இறங்கிண்டே இருங்கோ. அதுக்கு மேலே நான் வேறே சொல்லணுமா?” என்றான். சாட்சி சொல்லப் போன அன்று காலையும் என் கையால் சாப்பிட்டுவிட்டே போனான். என்ன சொல்லப் போகிறான் என்பது அப்போதே அவனுக்குத் தெரியும். இதுதான் எனக்கு ஆறவில்லை. அதன் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

6. எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் போனால் என் கணவர் இப்போது அண்ணாந்து பார்ப்பதில்லை. மனுப் போடச் சொன்னேன். “அவன் வேலை போயிடும், விட்டுடு” என்றார். இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. அவர் பெருந்தன்மை அவரோடு இருக்கட்டும். எனக்கு அது இல்லை.

7. என் தம்பியைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. மறதி யாருக்கும் வரும். அதை என் கணவர் தலையில் கட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆகவே தாங்கள் தயவு கூர்ந்து விசாரணையை மீண்டும் திறந்து, என்னை எதிரே உட்காரவைத்து ராஜாராமிடம் அதே கேள்வியைக் கேட்குமாறு வேண்டுகிறேன். என் முகத்தைப் பார்த்து அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று அவன் சொல்லிவிட்டால், ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து செங்கல்பட்டுக்கு ரயிலேறிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
வெ. ரங்கநாயகி

இடம்: செங்கல்பட்டு
தேதி: 18-1-1954