ரப்பர் இலையில் தேன் இருக்கிறது

திற்பரப்பு,
மார்ச் 3, செவ்வாய்க்கிழமை.

பிரியமுள்ள பிரிஜா அப்பாவுக்கு,

பெமிலா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் மகளும் மாமியும் நலம். என் இடது கண் மட்டும் நலமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு ஏன் இந்தப் பழைய காலத்துப் பழக்கம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் "வையிட்டி போன" என்று சொல்லி நீங்களே வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆகவேண்டும்? பக்கத்து வீட்டு டெல்வின் லீவு முடிந்து சனிக்கிழமை மஸ்கட்டுக்கு வருகிறான். அவன் கையில் இதையும், ஏத்தங்காய் வற்றலும், இரண்டு போட்டோவும் கொடுத்துவிடுகிறேன்.

உங்களுக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன். போன மாதம் பதினேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, பொன்னுலிங்கம் முதலாளியின் ரப்பர் தோட்டத்தில் மெஷின் வைத்துப் பூச்சிமருந்து அடித்தார்கள். நம் தேன்பெட்டி அறுபதும் அந்தத் தோட்டத்துக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். ரப்பர் தளிர்த்து, தேனீ முழுக்க வெளியே இறங்கும் சீசன் என்பதும் தெரியும். முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராத்திரியே பெட்டி வாசலை அடைத்திருப்பேன். சொல்லவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் முப்பத்தெட்டுப் பெட்டியில் சத்தமே இல்லை. செத்த ஈயை வாரியலால் கூட்டி அள்ளினேன். பக்கத்தில் ஒருத்தரும் இல்லாததால் வாய்விட்டே அழுதேன்.

கேட்கப் போனால் மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "ரப்பர் இன்னும் பூக்கவே இல்ல. பூவில்லாத மரத்துல ஈக்கு என்ன சோலி? அது வேற எங்கயோ போய்ச் செத்திருக்கும்" என்றார். முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமா ஆமா என்றார். நான் புகார் சொன்னதும் பார்க்க வந்த விவசாய அதிகாரி வேறு ஜில்லாக்காரர். தேன் பூவில்தானே இருக்கும் என்று அவரும் நினைத்துக்கொண்டு போய்விட்டார். ரப்பர்த் தேன் பூவில் இல்லை, மூன்று இலையும் காம்பில் சேருகிற இடத்தில் ஊறுகிறது என்பது நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியாதா? வருஷா வருஷம் சீசன் முடிந்ததும் பெட்டிக்காரர்கள் ஆளுக்கு இரண்டு குப்பி அவர் வீட்டில் கொண்டு கொடுக்கிறோமே, அது என்ன சீனிப்பாகா? போன வருஷம் முதலாளி வீட்டம்மா விரலில் தொட்டு நக்கிவிட்டு, "இந்தத் தடவ நல்ல கெட்டி" என்றார்களே!

அப்போதுதான் எனக்கு அலமாரியில் கிடந்த லென்ஸ் ஞாபகம் வந்தது. பிரிஜாவின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு என்று நீங்கள் கேமராவோடு வாங்கி வந்தீர்களே, அதுதான். கடைக்காரன் எதையோ தலையில் கட்டிவிட்டான். அதை வைத்து எடுத்ததில், மேடையில் ஆடின நம் பிள்ளை கடுகு மாதிரித் தெரிந்தாள். அது தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் லென்ஸ் இல்லை, மேக்ரோ லென்ஸ். கையெட்டும் தூரத்தில் இருக்கும் கடுகைத்தான் அது மலையாகக் காட்டும். இரண்டு வருஷமாக அதைச் சொல்லி உங்களைக் கிண்டல் செய்தேன். அந்தக் கிண்டலை எல்லாம் இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நம் பெட்டிப் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் காற்றில் சாய்ந்து கிடக்கிறது. வேர் அறாததால் அதிலும் தளிர் வந்திருக்கிறது, நின்றால் முகத்துக்கு நேரே இலை. பிழைத்த பெட்டிகளின் ஈ அதில் வந்து இருக்கும். ஒரு சாணுக்குள் போனால்தான் ஈயின் நாக்கு தெரியும். நூலளவு முன்னால் நகர்ந்தால் நாக்கு கலங்கிக் கால் தெளியும், பின்னால் வந்தால் சிறகு தெளியும். காற்று லேசாக வீசினால் இலையும் போச்சு, ஈயும் போச்சு. ஈயின் முகத்தில் மூச்சு படக்கூடாது, பட்டால் அதற்குக் கோபம் வரும் என்பதைத் தேன்பெட்டிக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டே நாலு நாள் காலையில் நின்றேன். நாலாம் நாள், போன சனிக்கிழமை, படம் பளிச்சென்று விழுந்தது. சந்தோஷத்தில் புத்தி கெட்டு "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பெட்டி வாசலில் காவல் நின்ற ஈ நேராக வந்து இமையில் ஒரு கொட்டுப் போட்டது. மறுநாள் ஒற்றைக் கண்ணோடு ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனேன். "மொதலாளிய எதுத்தா கண்ணு போவாதா பின்ன?" என்றார் மாமி. ஈக்கு முதலாளி யார் பெட்டிக்காரி யார் என்று தெரியாது மாமி என்றேன்.

படம் இரண்டையும் குலசேகரத்தில் ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு வாங்கினேன். ஒன்றில் மூன்று இலை சேரும் இடத்தில் ஒரு சொட்டுத் தேன், அதற்குள் ஈயின் நாக்கு. மற்றது செத்த ஈ. கூட்டி அள்ளினபோது ஒரு பிடியைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்று, செத்த பிறகும் நாக்கை நீட்டிக்கொண்டே இருக்கிறது. வெறும் கண்ணுக்கு அது ஒரு ரோமம் போலத்தான் இருக்கும். மருந்து குடித்துச் செத்தால் அப்படித்தான் நாக்கு வெளியே நிற்கும் என்று நம் தேன் சங்கச் செயலாளர் ஞானம் அண்ணனே சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கும் வயிறு எரியும்.

ஞானம் அண்ணன் அதற்கு மேல் வரமாட்டேன் என்றார். "பிள்ளே, படம் நல்லாத்தான் இருக்கு, கொண்டு பெட்டியில பூட்டி வையி. தண்ணிக்குள்ள கெடந்துட்டு மொதலையோட மல்லுக்கட்டலாமா? நாளைக்கு எல்லாரு பெட்டியையும் வெளிய தூக்கி வைக்கச் சொன்னா எங்க போவோம்?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. நான் தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளை மறுநாள், வியாழக்கிழமை, நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம்.

நேற்று உங்கள் போன் வந்தது. "எனக்க வேலைக்கு உலை வைக்காத. கேமராவ வித்துட்டு மொதலாளிகிட்ட மன்னிப்பு கேளு. கூட்டத்துக்குப் போனியானா இனி எனக்கு போன் பண்ணாத" என்றீர்கள். அந்தப் பேச்சு உங்கள் பேச்சு இல்லை. முதலாளியின் மருமகன் உங்கள் கம்பெனியில் உங்களுக்கு மேலே இருக்கிறார். அவர் உங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசியிருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மன்னிப்பு கேட்க மாட்டேன். கேமராவையும் விற்க மாட்டேன். நான் என்ன அவர் தோட்டத்தில் பாதியா கேட்கிறேன்? மருந்து அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிறேன். அதுவும் முடியாது, உன் ஈ வேறெங்கோ செத்தது, நீ பொய் சொல்கிறாய் என்பார்கள். நான் தலையைச் சொறிந்துகொண்டு "செரி மொதலாளி" என்று வரவேண்டுமா? எனக்கு வராது. கல்யாணத்துக்கு முன்னாலேயே இவளுக்கு வாய் அதிகம் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஏழு வருஷமாக இந்தக் குடும்பத்துக்காகக் கிடக்கிறீர்கள். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று நானும் உட்கார்ந்து யோசித்தேன். இருபத்திரண்டு பெட்டி மிச்சம் இருக்கிறது. ஒரு பெட்டி ஈயை இரண்டாகப் பிரித்து வைத்தால் அடுத்த சீசனுக்கு நாற்பது ஆகும். அந்தத் தோட்டம் இல்லையென்றால் வேறு தோட்டம், உலகத்தில் ஒரே ஒரு முதலாளியா இருக்கிறார்? உங்களை வரவழைக்கத்தான் இதெல்லாம் செய்கிறேன் என்று நினைக்கவேண்டாம். ஆனால் நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவேன், அதை ஏன் மறைக்கவேண்டும்?

மாமிக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீங்கள் அனுப்பின தைலம் தீர்ந்துவிட்டது. பிரிஜா கணக்கில் குறைவாக வாங்கிவிட்டு, அப்பாகிட்ட சொல்லாதீங்கோ என்று கெஞ்சினாள். நான் சொல்லிவிட்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி ஒன்றே ஒன்று. மனுவில் என் பெயருக்குக் கீழே க/பெ. ஷாஜன் என்று எழுதியிருந்தேன். ஞானம் அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள பேர எடுத்துட்டு ஒனக்க அப்பா பேரப் போடு. அவனுக்கு அங்க ஒரு தொல்லையும் வராது" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. புதுத் தாள் எடுத்து த/பெ. வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஏழு வருஷம் நீங்கள் பக்கத்தில் இல்லை. பெயரும் பக்கத்தில் இல்லையென்றால் எனக்கு என்னதான் இருக்கிறது? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். உங்கள் பெயரோடுதான் கொடுக்கப்போகிறேன்.

இது உங்கள் கையில் கிடைக்கும்போது வியாழக்கிழமை போயிருக்கும். நீங்கள் தடுக்கக்கூடாது என்றுதான் டெல்வினிடம் கொடுத்தேன். கோபம் வந்தால் வரட்டும், சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள். அந்த மருமகன் உங்களை மறுபடி கூப்பிடுவார். கலெக்டர் ஆபீசில் போய் நின்றவள் உன் பெண்டாட்டியா என்று கேட்பார். எனக்காக வாதாடவேண்டாம், சண்டை போடவேண்டாம். தலையைக் குனியாமல், "ஆமா, எனக்க பெண்டாட்டிதான்" என்று மட்டும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கர்த்தர் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

உங்கள்,
பெமிலா ஷாஜன்