நூம்பல் வாசலில் கிடந்த செருப்பு

மச்சான்,

ரெண்டு நாளாக விடாத மழை. ஷூ ஸ்டாண்டைத் திறந்தால் ஈரத் தோல் வாடை குப்பென்று முகத்தில் அடிக்கிறது. உன் செருப்புதான். வலது கால் கட்டைவிரல் வாரைப் பச்சை நூலால் தைத்து வைத்திருந்தாயே, அதே செருப்பு. பூஞ்சை பிடித்திருக்கிறது. சேக்காட்டில் எங்கள் ஃபிளாட்டுக்குள் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம், எங்கே கொண்டுபோய்க் காய வைப்பேன்? பழைய துணியை எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து துடைத்தேன். நாளைக்குப் பூந்தமல்லி கோர்ட்டில் உன் கொலை வழக்கில் நான் சாட்சி சொல்ல வேண்டும்.

துடைக்கத் துடைக்க அந்தப் பிரெஞ்சுக் கிராமம்தான் கண்ணுக்குள் வந்தது. ஆபீஸ் வேலையாக நாம் அங்கே போயிருந்த குளிர்காலம். "இன்னா மச்சான், லீவு நாள்ல ரூமுக்குள்ளயே குந்திகினு கீறே, வா, பக்கத்துல பழைய சர்ச் ஒண்ணு கீதாம்" என்று இழுத்துக்கொண்டு போனாய். ஊர் என்று சொல்ல நாலைந்து ஓட்டு வீடு, ஒரு மாட்டுக் கொட்டகை, நடுவில் ராஜாக்கள் காலத்துக் கல் கோயில். வாசல் அவ்வளவு தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். குனிவதற்கு முன்னால் நீ பழக்க தோஷத்தில் ஷூவைக் கழற்றிப் படியில் வைத்தாய். நூம்பலில் உங்கள் சர்ச்சுக்குள் யார் செருப்போடு போகிறார்கள்? நானும் கழற்றி உன் ஷூ பக்கத்தில் வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரே கத்தல். கோயில் சாவி வைத்திருக்கும் கிழவி. வந்த வேகத்தில் ஊன்றுகோலால் உன் முதுகில் வைத்தாள் பார் ஒன்று! அடுத்தது எனக்கு. "அய்யோ, இன்னாத்துக்குமா அடிக்கிறே!" என்று நீ தமிழிலேயே அலறினாய். அப்புறம் அவள் கோலை எறிந்துவிட்டு, நம் ஷூக்களை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் புரிந்தது. ரெண்டாம் உலக யுத்த காலத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் வந்து ஊர் ஆண்களை அந்த வாசலில் நிறுத்தி, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, வெறுங்காலோடு உள்ளே தள்ளிச் சுட்டிருக்கிறார்கள். பூட்ஸ் அவர்களுக்கு வேண்டுமாம், படுபாவிகள்! படியில் ரத்தம் இறங்கி வந்ததைக் கொட்டகைப் பலகை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பெண் இவள். உள்ளே போனவர்களில் இவள் அப்பாவும் உண்டு. சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை இன்னும் பூசாமல் வைத்திருந்தார்கள். நீ ஒன்றில் விரலை விட்டாய், பாதி விரல் உள்ளே போயிற்று.

"இங்கே கழற்றியவர்கள் யாரும் திரும்பி வந்து போட்டுக்கொள்ளவில்லை" என்றாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊர்ல திரும்ப வந்து போட்டுக்கத்தாம்மா கழட்டுவோம்" என்றாய். அதை நான் தட்டுத்தடுமாறி பிரெஞ்சில் சொன்னேன். கிழவி மண்டியிட்டு உன் ஷூவை மாட்டி, அவளே லேஸ் கட்டிவிட்டாள். கார் ஏறினதும் முதுகைத் தடவிக்கொண்டு, "கெய்வி கை இன்னா வெயிட்டுடா" என்று சிரித்தாய்.

பாவி, அந்தப் பேச்சை நீயே காப்பாற்றவில்லையே!

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடியட்டும் என்று நான் நூம்பல் கோயில் கேட்டில் பைக் மேல் உட்கார்ந்திருந்தேன். மதியம் உன் வீட்டில் சாப்பாடு. கோயில் மனைக்குப் போலிப் பத்திரம் வைத்திருந்த புரோக்கர் ஜேசிபியோடு ஆட்களை அனுப்பினான். காம்பவுண்டுச் சுவர் சரிந்த சத்தத்தில் நீதான் முதலில் வெளியே ஓடி வந்தாய். வெறுங்கால். உடைந்த செங்கல் மேல் ஓடினாய். "ஏய், நிறுத்துடா, உள்ள கொயந்தைங்கோ கீது!" என்று கையை விரித்துக்கொண்டு நின்றாய். அந்த ஆட்களில் ஒரு சிவப்புச் சட்டைக்காரன் இரும்பு பைப்பை ஓங்கினான். முதல் அடி தோளில். அடுத்தது மண்டையில். நீ விழுந்த பிறகும் அடித்தான். நான் பாய்ந்து அவன் காதைக் கடித்தேன், என் முன்பல் போனது அப்போதுதான். உன் தலை என் மடியில் இருந்தது. உன் உள்ளங்கால் முழுக்கச் செங்கல் பொடி, ரத்தத்தில் குழைந்து. சனம் அழுதுகொண்டே அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனது. கடைசியில் வாசலில் ஒரு ஜோடி மிச்சம் கிடந்தது, நான்தான் எடுத்து வந்தேன்.

இப்போது அவன் தரப்பு என்ன சொல்கிறது தெரியுமா? யாரும் உன்னை அடிக்கவே இல்லையாம். ஜேசிபியைப் பார்த்துப் பயந்து ஓடினாயாம், செருப்பு வழுக்கிக் கல்லில் விழுந்து செத்தாயாம். செருப்பு வழுக்கியதாம் மச்சான்! கோயிலுக்குள்ளிருந்து வந்தவனுக்குச் செருப்பு ஏதுடா என்று கேட்க ஒருத்தன் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் பயத்தில் பல்டி அடித்துவிட்டார்கள். மிச்சம் நான்தான்.

நேற்றுக் காலை எங்கள் ஃபிளாட் வாசலிலேயே ரெண்டு பேர். "பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு போயிகினே இரு அண்ணாத்தே. உன் பொண்ணு ஸ்கூல் பஸ்ஸு எங்க நிக்குதுன்னு தெரியும்." கையிலிருந்த பால் பாக்கெட்டை அவன் மூஞ்சியில் அடித்தேன், வெடித்து வழிந்தது. மகளைக் கரூரில் மாமியார் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. பயம் போகவில்லை. உன்மேல் கோபமும் போகவில்லை. ஏன்டா தனியாக ஓடினாய்?

துடைத்த செருப்பை மாட்டிப் பார்த்தேன். "அவர் செருப்பா? உங்களுக்குப் பெருசாச்சே, தடுக்கி விழப்போறீங்க" என்றாள் என் மனைவி. மெதுவாக நடக்கிறேன் என்றேன். அவள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். கோர்ட்டில் யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள், நான் கழற்றுவேன். வாசலில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு கூண்டில் ஏறி, அந்தச் சிவப்புச் சட்டைக்காரனைப் பார்த்து, நீ ஓடி வந்ததும் இப்படித்தான் என்று சொல்வேன். அப்புறம் திரும்ப வந்து போட்டுக்கொள்வேன், மச்சான்.