சுகுமாருக்குப் பதிலாக

ஜூன் 9, 2025

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டேன். மனிதர்களைக் கண்டால் நடுங்குகிறவர்களின் மரபணுவை ஆராய, மனிதர்களைக் கண்டால் நடுங்குகிற ஒருத்தியை அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சியை நடத்தும் கீதா மேடத்துக்கு இது தெரியாது. இன்டர்வியூவில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்காவது இந்தப் பயம் இருந்தால், அந்தக் குடும்பம் மொத்தத்தின் எச்சிலும் வேண்டும். சின்னக் குழாயில் கோடு வரை துப்ப வேண்டும். அதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பார்கள். துப்புவதை நான் கண்ணால் பார்த்து, பார்த்தேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு ஒரு எம்.எஸ்சி.

ஜூன் 12

திருமுக்கூடல் பக்கம் சிட்டம்மாள் வீடு. கல்யாணம், சாவு எதற்கும் வெளியே போய் இருபது வருஷமாம். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டே துப்பிக் கொடுத்தார். மகள் ஆதிலட்சுமி அக்கா நேர்மாறு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தன் குழாயை நிரப்பினார். மகன் சுகுமார் உள் அறையில். முப்பத்து நான்கு வயது. ரேஷன் கடை, பேங்க், மாட்டாஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவருக்குப் பதிலாக அக்காதான் போகிறார்.

"அவன் வரமாட்டாம்மா. நீ குடு, நான் வாங்கியாறேன்" என்று குழாயோடு உள்ளே போனார். கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பாடா, அந்த ஆளோடு பேச வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஐந்தே நிமிஷத்தில் குழாய் நிறைந்து வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 30

அந்தக் கையெழுத்து. சோறு இறங்கவில்லை.

ஜூலை 17

லேபில் சோதனை செய்கிற தினேஷ்குமார் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டினான். சுகுமார் பெண் என்று வருகிறது. வெறும் பெண்ணல்ல, ஆதிலட்சுமி அக்காவேதான். இரண்டு குழாயிலும் ஒரே ஆள்.

"லேபிள் மாறிப்போச்சுன்னு எழுதிக்குடு. யாரும் நோண்டமாட்டாங்க" என்றான். நல்லவன்தான். அதுதான் இன்னும் பேஜாராக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நான் கொண்டுவந்த நாற்பத்தொரு குழாயையும் சந்தேகப்படுவார்கள். செப்டம்பரில் பி.எச்டி. பதிவு. மேடம் கையெழுத்துப் போடவில்லை என்றால் போச்சு, எல்லாம் போச்சு.

ஜூலை 18

அக்காவைப் போய்க் கேட்டேன். கொஞ்சமும் மறைக்கவில்லை. அவன் வாய் ஒட்டிப்போய் ஒரு சொட்டுகூட வரவில்லையாம். அழுதுவிடுவான் போல இருந்தானாம்.

"அதான் நானே துப்பிட்டேன். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, ஒரே ரத்தம். எச்சி மட்டும் வேறயாவா பூடும்?"

ஒரே ரத்தம் என்றால் உனக்கு ஏன் அக்கா அந்தப் பயம் வரவில்லை? அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம். கேட்கவில்லை. அவர் மேல் என்ன தப்பு? தம்பிக்காக எல்லா வரிசையிலும் நின்றவர் இதிலும் நின்றுவிட்டார். பொய்க் கையெழுத்துப் போட்டது நான்.

ஜூலை 21

மேடம் ரூம் வாசல் வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

ஜூலை 22

யாரும் இல்லை. அப்படியும் திரும்பிவிட்டேன். சீ, என்ன ஜென்மம் இது!

ஜூலை 24

சொல்லிவிட்டேன். படிவத்தை மேடத்தின் மேஜையில் வைத்து, அதைப் பார்த்தபடியே சொன்னேன். ஏன் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டார். பயம் மேடம் என்றேன். யாரைப் பார்த்து என்றார். எல்லாரையும் என்றேன்.

மேடம் கத்தவில்லை. என் நாற்பத்தொன்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், அதுவரை நான் கிராமத்துக்குப் போகக் கூடாது, என்னோடு வேலை பார்க்கும் செவ்வந்தி போவாள் என்றார். பதிவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நைனாவிடம் இன்னா சொல்றது? ஒண்ணும் புரியல.

ஆகஸ்ட் 6

செவ்வந்தி கலகலவென்று பேசுகிறவள். யார் வீட்டிலும் பத்தே நிமிஷத்தில் சொந்தக்காரியாகிவிடுவாள். அவளைக் கண்டதும் சுகுமார் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாராம். ஒரு மணி நேரம் கெஞ்சியிருக்கிறாள்.

கடைசியில் அக்கா வந்து சொன்னாராம், உள்ளேர்ந்து பாத்தானாம், மொதல்ல வந்துச்சே, தலையே நிமிராத பொண்ணு, அது வந்தா பாக்கலாம்னு சொல்றான் என்று. மேடம் என்னை முறைத்துவிட்டு, போ, ஆனால் இந்தத் தடவை கண்ணால் பார்க்காமல் திரும்பாதே என்றார்.

ஆகஸ்ட் 8

கதவைத் திறந்தார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. குழாயை வாங்கிக்கொண்டார். யாராவது பார்த்தால் வராது என்றார். பார்க்காமல் இருந்தால் என் வேலை போய்விடும் என்றேன். அது அவருக்குச் சங்கடமாகிவிட்டது. நான் ஏன் அதைச் சொன்னேன்?

"மூஞ்சிய பாக்கமாட்டேன். குழாய மட்டும் பாக்கறேன்" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தோம். ஒரு சொட்டு. நுரை. மறுபடி ஒரு சொட்டு. அக்கா எட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்துகொண்டோம். நாற்பது நிமிஷம் ஆயிற்று கோட்டைத் தொட. மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"உங்களுக்கும் இந்தப் பயம் இருக்குதா?"

ஆமாம் என்றேன். இருபத்தாறு வயதில் முதல் தடவையாக ஒருவர் கேட்டு, நான் ஆமாம் சொன்னேன். பஸ்ஸில் அழுகை வந்தது. அழுதேன்.

ஆகஸ்ட் 27

சுகுமாரின் குழாய் சுகுமார்தான். மற்ற நாற்பதும் சரி.

செப்டம்பர் 4

பதிவு இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் மேடம். வலிக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய்.

இன்று ஒரு பட்டியல் கொடுத்தார். செவ்வந்தி போய்க் கதவு திறக்காத வீடுகள், மொத்தம் ஆறு. முதல் வீடு புள்ளலூர். வருவதை முன்கூட்டியே போனில் சொல்ல வேண்டும். நான்கு தடவை எண்ணை அழுத்திவிட்டு வெட்டினேன். ஐந்தாவது தடவை மணி அடிக்க விட்டேன். எடுத்தார்கள். அந்தப் பக்கம் ஒருவரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

பரவாயில்லை, மெதுவாப் பேசுங்க, நான் வைக்கமாட்டேன் என்றேன்.