செவ்வாய்க்கிழமை நாலரை மணி

அக்கா, இன்று காலை நாற்காலி போட்டு ஏறி, சமையலறைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். கோடை நேரம் தொடங்கினால் இந்த நாட்டில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இறங்கத் தோன்றாமல் நின்றுவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம்.

உங்கள் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது. வகுப்பில் ஒரு சொல் வராது. தனி அறையில் ஒதுக்கி உட்கார வைத்துவிட்டார்கள். "பேசலைன்னா புத்தியில்லைன்னு எழுதிட்டாங்க, பாரு" என்று சொல்லிக்கொண்டு ஹூஸ்டன் பூராவும் கார் ஓட்டினீர்கள். அரசுப் பணத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் நடத்தும் சார்ட்டர் பள்ளிக்கு அனுமதியும் வாங்கிவிட்டீர்கள். இடம்தான் இல்லை. ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் டிஸ்ட்ரிக்டின் பழைய பள்ளிக்கூடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. விடாமல் போய்க் கேட்டதில், செவ்வாய்க்கிழமைக்குள் கட்டடம் கேட்டு மனு வந்தால் அந்த வாரக் கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள்.

சேரவிருந்த பிள்ளைகளின் பட்டியலைக் கோடு போட்டு எழுதியவள் நான் என்பதால் மனுவையும் என்னிடமே தந்தீர்கள். "எனக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. மூணு மணிக்கெல்லாம் கொடுத்துரும்மா."

மூன்று மணிக்கு டிஸ்ட்ரிக்ட் அலுவலக வாசலில்தான் இருந்தேன், காருக்குள். ஊரிலிருந்து வந்த நாள்காட்டியில் ராகுகாலம் மூன்றிலிருந்து நாலரை. நல்ல காரியமாயிற்றே, கழியட்டும் என்று சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலரைக்குப் போனால் அலுவலகப் பெண் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் வாங்க மறுத்துவிட்டார்கள்.

டிஸ்ட்ரிக்ட் கூட்டத்தில் தலைவர் ஏன் தாமதம் என்று கேட்டபோது நீங்கள் எழுந்து, "மை மிஸ்டேக்" என்றீர்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும், "உன் ராகுவுக்கு அமெரிக்கா விசா யாரும்மா கொடுத்தா?" என்று சிரித்தீர்கள். பிறகு, "உன் பேரைச் சொன்னா நம்ம ஆளுங்களே கிழிச்சிருவாங்க. விடு."

அந்தக் கட்டடம் கிடைக்காமல், பள்ளி ஒரு வருஷம் கழித்து வேறிடத்தில் திறந்தது. அந்த ஒரு வருஷமும் அவள் அதே தனி அறையில்.

பின்னொரு நாள் கோயில் குருக்கள் சொன்னார். "இங்க சூரியன் உதிக்கிறதை வச்சுக் கணக்குப் போடணும்மா. கடிகாரத்தை வேற ஒரு மணி தள்ளி வச்சிருக்காங்க. அன்னிக்கு ராகுகாலம் நாலரைக்குத்தானே ஆரம்பிச்சிருக்கும்!" நல்ல நேரம் முழுவதையும் காரில் கழித்துவிட்டு, கெட்ட நேரம் பிறந்ததும் இறங்கியிருக்கிறேன். உங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தொழுகை நேர அட்டவணை இந்த ஊர்ச் சூரியனுக்குப் போட்டதுதானே? எத்தனை முறை பார்த்திருப்பேன்! உறைக்கவில்லை. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிவிட்டீர்கள்.

நேற்று உங்கள் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அந்த ஸ்கூல் பில்டிங் லெட்டர்... டிட் அம்மா ஜஸ்ட் ஃபர்கெட்?" சாம்பார் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

சொன்னால், நீங்கள் என்னைக் காத்தது வீணாகிவிடுமோ? சொல்லாவிட்டால், தாயே தன்னை மறந்துவிட்டாள் என்றல்லவா அவள் வளர்வாள்? சாமியிடம் கேட்டும் தெளியவில்லை. நாளை அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது நான்தான். "உங்கம்மா மறக்கலை கண்ணு" என்பதுவரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல்தான் வரமாட்டேன் என்கிறது.